தந்தி விலாசமும் மின்னஞ்சல் விலாசமும்

பழைய ஜவுளிக்கடை பில்லோ நூல் மில்லின் லெட்டர்ஹெட்டோ வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். மேல் மூலையில் 'போன்: 47' என்று இருக்கும். அதை ஒட்டி 'தந்தி' என்று போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை இருக்கும். கடைப் பெயரின் சுருக்கமாக இருக்கலாம், முதலாளியின் குலதெய்வத்தின் பெயராகவும் இருக்கலாம். அதுதான் தந்தி விலாசம். தந்தியில் விலாசத்துக்கும் சேர்த்தே வார்த்தை எண்ணிக் காசு வாங்குவோம். கடைப் பெயர், கதவு எண், தெரு என்று எழுதினால் செய்தியைவிட விலாசம் நீண்டுவிடும். அதனால் வியாபாரிகள் வருடக் கட்டணம் கட்டி, ஒரு சின்னப் பெயரைத் தந்தி ஆபீசில் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பம்பாயிலிருந்து அனுப்புகிறவர் அந்த ஒரு வார்த்தையையும் ஊர்ப் பெயரையும் எழுதினால் போதும். எங்களிடம் ரிஜிஸ்தர் இருக்கும். அதைப் பார்த்து இன்ன பெயர் இன்ன தெருவில் இன்ன கடை என்று குறித்துக் கொடுப்போம். தந்திச் சேவகர் சைக்கிளை எடுப்பார். ஒரே ஊரில் ஒரே பெயரை இரண்டு பேருக்குக் கொடுக்க மாட்டோம். முதலில் வந்து கேட்டவருக்குத்தான்.

இன்றைக்குப் பிள்ளைகள் 'டொமைன் நேம்' என்கிறார்களே, அது ஏறக்குறைய இதுதான்.

தந்தி இலாகாவில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். என் வயதுக்காரர்களில் இரண்டு ரகத்தைப் பார்க்கிறேன். ஒருவர் செல்போனில் எதையும் தொடவே பயப்படுகிறார். இன்னொருவர் எதைப் பார்த்தாலும் அழுத்திவிடுகிறார். இரண்டு பேருக்கும் குறை ஒன்றுதான். வார்த்தைகளை யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. பேரனிடம் கேட்டால் "குடுங்க தாத்தா" என்று போனைப் பிடுங்கி, நாலு தட்டு தட்டி, திருப்பிக் கொடுத்துவிடுகிறான். வேலை முடிந்தது, விஷயம் புரியவில்லை. ஆனால் இந்த வார்த்தைகளில் பாதி நம் காலத்து ஆபீசிலிருந்து போனவைதான். அவை எங்கே, எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால் பயமும் குறையும், அவசரமும் குறையும். அதனால் சரித்திரமாகவே சொல்கிறேன்.

முதலில் இன்டர்நெட் என்கிற அந்தப் பெரிய வலை. 1969 அக்டோபர் 29ஆம் தேதி இரவு பத்தரை மணி வாக்கில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்று தட்டத் தொடங்கினார். எல் போயிற்று. ஓ போயிற்று. மூன்றாவது எழுத்தில் அந்தப் பக்கத்து இயந்திரம் படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முயன்று இணைத்தார்கள். அமெரிக்க ராணுவ அமைச்சகத்தின் ஆராய்ச்சிப் பிரிவு பணம் கொடுத்து அமைத்த அந்த வலைக்கு அர்ப்பாநெட் என்று பெயர்.

அதில் புதுமை கம்பியில் இல்லை, அனுப்புகிற முறையில் இருந்தது. எங்கள் தந்தியில் ஒரு செய்தி முழுசாகப் போகும். திருநெல்வேலியில் கொடுத்த தந்தியை நடுவில் ஒரு பெரிய ஆபீஸ் வாங்கி வைத்துக்கொண்டு, லைன் காலியானதும் அடுத்த ஆபீசுக்குத் தள்ளும். டெலிபிரிண்டர் வந்த பிறகு ஓட்டை போட்ட காகித நாடாவில் செய்தி வந்து விழும். அதைக் கிழித்து அடுத்த லைன் மெஷினில் மாட்டுவோம். வாங்கி வைத்து அனுப்புவது என்கிற அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு படி மேலே போனார்கள் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும். செய்தியை முழுசாக அனுப்பாதே, துண்டு துண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டிலும் சேரவேண்டிய விலாசத்தையும் வரிசை எண்ணையும் எழுது. எந்தப் பாதை காலியோ அதில் போகட்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் எண் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம்.

டிரான்ஸ்பர் வாங்கி ஊர் ஊராகப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். வீட்டுச் சாமானை மூட்டை கட்டி 12இல் 1, 12இல் 2 என்று எழுதி, சிலதை லாரியிலும் சிலதை ரயிலிலும் ஏற்றுவோம். ஏழாவது மூட்டை முதலில் வரும், முதல் மூட்டை கடைசியில் வரும். ஒன்று வராவிட்டால் அந்த ஒன்றை மட்டும் விசாரித்தால் போதும். டேவிஸ் இந்தத் துண்டுக்குப் பெயர் வைக்க ஒரு மொழியியல் அறிஞரிடம் யோசனை கேட்டார். மற்ற மொழிகளிலும் எளிதாகச் சொல்லக்கூடிய வார்த்தையாக வேண்டும் என்றார். அப்படி வந்ததுதான் 'பாக்கெட்'. நமக்குப் பொட்டலம். வாட்ஸ்அப்பில் வீடியோவில் பேசும்போது மகளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறதே, சில பொட்டலங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். பதறவேண்டாம்.

இப்படிப் பல ஊர்களில் பல வலைகள் வந்தன. ஒன்றோடு ஒன்று பேச ஒரு பொது ஒழுங்கு வேண்டியிருந்தது. வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இருவர் 1974இல் அந்த ஒழுங்கை எழுதினார்கள். 1983 ஜனவரி 1 முதல் அர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. வலைகளுக்கு இடையிலான வலை, ஆகவே இன்டர்நெட். எல்லாருக்கும் பொதுவான அந்த ஒழுங்கு இருப்பதால்தான், உங்கள் செல்போன் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அமெரிக்காவில் இருக்கும் கம்ப்யூட்டரோடு பேச முடிகிறது.

இந்த ஒழுங்கில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு எண் உண்டு. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள். மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தான் கிடைக்கும். அன்று ஏராளம் என்று நினைத்தார்கள். இப்போது போதாமல் போய், இன்னும் நீளமான எண்களும் புழக்கத்தில் இருக்கின்றன. மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது. ஆகவே பெயர். ஆரம்பத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்கிற பட்டியல் ஒரே இடத்தில் இருந்தது. ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையார் தலைமையில் ஒரு சின்ன அலுவலகம் அதைப் பராமரித்தது. புதிதாகச் சேருகிறவர்கள் அங்கே சொல்லிப் பெயரைப் பதிய வேண்டும். எங்கள் தந்தி விலாச ரிஜிஸ்தரேதான்! இதை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

இயந்திரங்கள் பெருகப் பெருக ஒரு ரிஜிஸ்தர் தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர், ஜான் போஸ்டலுடன் சேர்ந்து, அதைக் கிளை கிளையாகப் பிரித்தார். வியாபாரத்துக்கு 'காம்', கல்விக்கு 'எடு', அமெரிக்க அரசுக்கு 'கவ்', பொது நிறுவனங்களுக்கு 'ஆர்க்' என்று தலைக்கிளைகள் வந்தன. நாடுகளுக்கு இரண்டெழுத்து. இந்தியாவுக்கு 1989இல் 'இன்' கிடைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், கணக்கில் புலி. போன வருடத்துக்கு முந்தைய வருடம் நவம்பரில் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் வாழ்வுச் சான்றிதழ் வந்து சேரவில்லை, இன்று இரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் பென்ஷன் நிறுத்தப்படும் என்று. கீழே ஒரு 'லிங்க்', அதாவது தொட்டால் வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் சுட்டி. அதில் அரசாங்கத்தின் பெயர் இருந்தது. 'கவ்' இருந்தது. 'இன்' கூட இருந்தது. தொட்டார், கேட்டதையெல்லாம் நிரப்பினார், போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் கொடுத்தார். மூன்று மாதப் பென்ஷன் பத்து நிமிடத்தில் போயிற்று. பணத்தைவிட, வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததுதான் அவரைப் படுக்கையில் தள்ளியது. அவரை யாரும் ஏமாளி என்று சொல்லக் கூடாது. அந்த விலாசத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

தபாலைப் பிரிக்கும் ஆர்.எம்.எஸ். சார்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்ரீமதி காமாட்சி, வடக்கு மாடவீதி' என்பதையா முதலில் பார்ப்பார்? கடைசி வரிக்குத்தான் கண் போகும். எந்த மாநிலம், எந்த ஊர், பின்கோடு என்ன. காமாட்சி எல்லா ஊரிலும் உண்டு. கம்ப்யூட்டர் விலாசமும் அப்படித்தான். கடைசியிலிருந்து, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஆரம்பத்தில் வரும் 'எச்டிடிபிஎஸ்' என்பதையும் அதன் பிறகு வரும் இரண்டு சாய்கோடுகளையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு முதல் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். சாய்கோடே இல்லையென்றால் விலாசத்தின் முடிவு. அந்த இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். மத்திய அரசின் டிஜிட்டல் வாழ்வுச் சான்றிதழுக்கான விலாசம் ஜீவன்பிரமான், புள்ளி, கவ், புள்ளி, இன். பின்னாலிருந்து படித்தால் முதலில் 'இன்', அடுத்து 'கவ்'. 'கவ் புள்ளி இன்' என்று முடியும் பெயரை இந்தியாவில் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். என் நண்பருக்கு வந்ததில் 'கவ்', 'இன்' எல்லாம் நடுவில் இருந்தன, அவற்றுக்கு இடையே புள்ளிக்குப் பதில் சின்னக் கோடு. முடிவில் வேறு எதுவோ இருந்தது. அதாவது கடிதத்தில் பெயர் வரியில் 'கலெக்டர் ஆபீஸ் காமாட்சி' என்று எழுதியிருப்பது போல. காமாட்சி தன் பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முன்னால் வரும் பெயரை எவன் வேண்டுமானாலும் எழுதலாம், முடிவில் வரும் கிளையைத்தான் பதிவு அலுவலகம் பார்த்துக் கொடுக்கிறது.

இன்னொன்று. அந்த ஆறு இலக்க எண், 'ஓடிபி', ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் ரகசிய எண். அது உங்கள் கையெழுத்துக்குச் சமம். போனில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

சரி, கதைக்கு வருவோம். மின்னஞ்சல் விலாசத்தின் நடுவில் வாலைச் சுருட்டிய ஒரு 'ஏ' இருக்கிறது. வேறு எந்த நாட்டில் என்ன சொல்கிறார்களோ, நம் ஊரில் எல்லாரும் அதை 'அட் த ரேட்' என்றுதான் சொல்கிறோம். அது மளிகைக்கடைப் பில் பாஷை. 'அரிசி 10 கிலோ, அட் த ரேட் ஆஃப் இவ்வளவு' என்று எழுத அந்தக் குறியைப் போடுவார்கள். 1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்ப வழி செய்தார். இரண்டு இயந்திரங்களும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஆனால் செய்தி வலை வழியாகப் போனது. ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரிக்க ஒரு குறி வேண்டும், அது யாருடைய பெயரிலும் வராததாக இருக்க வேண்டும். விசைப்பலகையில் தேடினார், இது கிடைத்தது. 'இன்னார், இன்ன இடத்தில்' என்று பொருளும் பொருந்திவிட்டது. இடப் பக்கம் ஆள், வலப் பக்கம் அந்த ஆளின் கடிதங்களை வைத்திருக்கும் ஆபீஸ். அவ்வளவுதான். முதல் செய்தியில் என்ன எழுதினார் என்று பின்னால் கேட்டபோது, விசைப்பலகையின் மேல் வரிசை எழுத்துகள் மாதிரி ஏதோ ஒன்று, சரியாக நினைவில்லை என்றார். 2016இல் காலமானார்.

மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்று வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நாலு தடவையாவது சுற்றி வருகிறது. சிவா அய்யாதுரை, சிறு வயதில் நியூஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 1978 வாக்கில் 'ஈமெயில்' என்ற பெயரில் ஒரு நிரல் எழுதினார்; 1982இல் அதற்குப் பதிப்புரிமையும் வாங்கினார். அது உண்மை, அந்த வயதில் பெரிய காரியமும்கூட. ஆனால் டாம்லின்சன் கடிதம் அனுப்பியது அதற்கு ஏழு வருடம் முன்பு. அவருடைய உரிமைகோரலைத் துறை வரலாற்றாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. நம்மவர் என்பதற்காக நாம் தேதியை மாற்ற முடியாது.

மின்னஞ்சலைத் திறந்தால் 'டு' என்பதற்குக் கீழே 'சிசி' என்று இருக்கும். இளைஞர்கள் அதற்கு விரிவு தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். அது கார்பன் காப்பி! டைப்ரைட்டரில் நடுவே நீலக் காகிதம் வைத்து அடித்து, கீழே 'நகல்: மேலாளருக்கு' என்று போடுவோமே, அதேதான். விரலெல்லாம் மை ஒட்டிக்கொண்டது நமக்கு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது அவர்களுக்கு. 'பிசிசி' என்றால் மறைவு நகல். யாருக்கெல்லாம் போயிருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. சங்கக் கூட்ட அறிவிப்பை நூறு பேருக்கு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதில் போடுங்கள். நூறு பேரின் விலாசத்தையும் நூறு பேருக்கும் காட்டுவது நல்ல பழக்கமில்லை. தவிர, யாராவது ஒருவர் 'எல்லாருக்கும் பதில்' என்பதை அழுத்தி, "எனக்கு மூட்டுவலி, வர இயலாது" என்று நூறு பேருக்கும் தெரிவித்துவிடுவார்.

கடிதத்தோடு படம் இணைப்பது முதலில் முடியாது, வெறும் எழுத்துதான். நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்ற இருவர் அதற்கு வழி வகுத்தார்கள். 1992 மார்ச்சில் போரன்ஸ்டைன் அனுப்பிய முதல் இணைப்பில் அவரும் நண்பர்களும் சேர்ந்து பாடும் குழுவின் படமும் பாட்டும் இருந்தன. கடிதத்தில் படம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, ஒரு நாள் எனக்குப் பேரக்குழந்தைகள் பிறக்கும், அவர்கள் படத்தை நான் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். அதனால் எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

வேண்டாத விளம்பரக் கடிதம், 'ஸ்பாம்', அதற்கும் முந்தியது. 1978 மே மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் அர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பரம் அனுப்பினார். திட்டு வாங்கினார், வியாபாரமும் நடந்தது. பிறகு யார் விடுவார்கள்?

இன்டர்நெட்டும் 'வெப்'பும் ஒன்று என்று பலர் நினைக்கிறோம். தண்டவாளமும் ரயிலும் ஒன்றா? இன்டர்நெட் தண்டவாளம். மின்னஞ்சல் அதில் ஓடும் ஒரு வண்டி, வாட்ஸ்அப் இன்னொரு வண்டி, வெப் மற்றொன்று. இந்த மூன்றாவது வண்டியை விட்டவர் டிம் பெர்னர்ஸ் லீ. ஜெனீவா அருகே 'செர்ன்' என்ற அணு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் வருவதும் போவதுமான இடம். யாருடைய குறிப்பு எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஒரு குறிப்பில் உள்ள வார்த்தையைத் தொட்டால் அது சம்பந்தமான இன்னொரு குறிப்பு, அது எந்த இயந்திரத்தில் இருந்தாலும், திறக்க வேண்டும் என்று 1989 மார்ச்சில் திட்டம் எழுதிக் கொடுத்தார். தெளிவாக இல்லை, ஆனால் ஆர்வமூட்டுகிறது என்று மேலதிகாரி ஓரத்தில் எழுதினார். அப்படி எழுதுகிற மேலதிகாரி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

பக்கங்களை வைத்திருந்து, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் 'சர்வர்'. உலகத்தின் முதல் வெப் சர்வர் பெர்னர்ஸ் லீயின் மேஜைமேல் இருந்த இயந்திரம்தான். யாராவது துப்புரவு செய்யும்போது அணைத்துவிடப் போகிறார்கள் என்று, இதை நிறுத்தாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். 'கிளவுட்', மேகம் என்கிறார்களே, அது ஆகாயத்தில் இல்லை. இந்த மாதிரி சர்வர்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கிய குளிரூட்டிய கட்டடங்கள்தான். பக்கங்களை வாங்கி நமக்குப் படிக்கக் காட்டும் மென்பொருள் 'பிரவுசர்', உலாவி. 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் என்ற உலாவிதான் எழுத்தும் படமும் ஒன்றாகக் காட்டி சாதாரண மக்களை இழுத்தது. அதே வருடம் ஏப்ரல் 30ஆம் தேதி, இந்த வெப் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் விலை வைத்திருந்தால் நாம் இன்று இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம். விலாசத்தில் அந்த இரண்டு சாய்கோடு எதற்கு என்று பின்னாளில் பெர்னர்ஸ் லீயைக் கேட்டபோது, தேவையே இல்லைதான் என்று ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்கள் போன்ற நிறுவனங்களுக்கு 'எர்நெட்' மூலம் 1980களின் பின்பாதியிலேயே வலைத் தொடர்பு இருந்தது. பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டது. சென்னையும் அந்த முதல் நகரங்களில் ஒன்று. போன் லைனில் 'மோடம்' மாட்டி, கீச்சென்று அது கத்தி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் பாஷையைப் போன் கம்பியில் போகும் ஓசையாக மாற்றுவதும், வந்த ஓசையைத் திரும்ப மாற்றுவதும்தான் மோடம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வேறு போன் வராது. அடுத்த வருடம் 1996 ஜூலையில், சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். கடிதம் நம் கம்ப்யூட்டரில் இல்லாமல் அவர்கள் சர்வரில் இருக்கும். எந்த ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாலும் படிக்கலாம். பெட்டி தட்டிகளால் தடுத்த அந்தச் சின்ன அறைகளில், மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, வெளிநாட்டு மகனின் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து வந்த அம்மாக்கள் நம் தெருவிலேயே உண்டு.

இந்தத் தொடர்பு சாட்டிலைட்டில் வருகிறது என்று பலருக்கு நினைப்பு. பெரும்பகுதி கடலுக்கு அடியில் வருகிறது. 1870-71இல் மதராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். 2002இல் அதே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். நூற்று முப்பது வருட இடைவெளியில் கடலும் அதேதான், கரைகளும் அவையேதான். செம்புக்குப் பதில் கண்ணாடி, மின்சாரத்துக்குப் பதில் ஒளி. 2008 ஜனவரியில் எகிப்துக் கரைக்கு அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இன்டர்நெட் தவழ்ந்தது நினைவிருக்கலாம்.

'சாட்', அதாவது எழுத்திலேயே உட்கார்ந்து அரட்டை. 1988இல் பின்லாந்தில் யார்க்கோ ஒய்கரினென் என்ற மாணவர் பலர் ஒரே நேரத்தில் கூடிப் பேசும் அரட்டை அறையை உருவாக்கினார். 1991இல் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது செய்திகள் அதன் வழியாக வெளியே வந்தன. நாம் இருக்கும் வாட்ஸ்அப் 2009இல் வந்தது. 2014இல் பேஸ்புக் அதை சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2016 முதல் அதில் போகும் செய்தியை இரு முனையில் இருப்பவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறார்கள்.

தந்தியில் அந்தப் பாக்கியம் கிடையாது. ஊரில் யார் வீட்டில் சாவு, யாருக்குக் கல்யாணம் நின்றது, யாருக்கு வேலை கிடைத்தது என்பதெல்லாம் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். ரகசியம் காக்க வேண்டும் என்பது சட்டம், காத்தோம். ஆனால் தந்தியில் ஒரு சௌகரியம் இருந்தது. கவுண்டரில் வந்து, படிவத்தில் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுப்பவரை நாங்கள் கண்ணால் பார்த்தோம். வாட்ஸ்அப்பின் பூட்டு, வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லும். எழுதியவன் யார், எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. உலாவியின் விலாசத்துக்குப் பக்கத்தில் தெரியும் சின்னப் பூட்டும் அப்படியே. மோசடிக்காரனும் உறையை நன்றாக ஒட்டித்தான் அனுப்புகிறான். மகன் பெயரில் புது எண்ணிலிருந்து "அப்பா, அவசரம், பணம் போடுங்கள்" என்று வந்தால், பழைய எண்ணுக்குப் போன் போட்டு அவன் குரலைக் கேட்டுவிட்டுப் போடலாம். 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு' என்று பொய்த் தந்தி கொடுத்து லீவு வாங்கியவர்களை நாம் பார்க்காததா!

2013 ஜூலை 14ஆம் தேதியோடு தந்தி நின்றது. கடைசி நாளில் ஞாபகத்துக்காகத் தந்தி கொடுக்க இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்குத் தந்தியில் ஒரே ஒரு மனக்குறை உண்டு. எங்கள் பக்கத்து மக்கள் தமிழ்ச் செய்தியையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதிக் கொடுத்தார்கள். பி, ஏ, டி, டி, யு என்று ஐந்து எழுத்து வந்தால் அது பட்டா, பத்தா, பாட்டா? ஜவுளிக்கடைக்கு வந்தால் பட்டு என்று ஊகிப்போம். பத்து அனுப்பச் சொல்லியிருந்தால் என்ன செய்வது?

கம்ப்யூட்டரிலும் முதலில் இந்தத் தொல்லைதான். ஆளுக்கு ஒரு எழுத்துரு. அவர் அனுப்பிய தமிழ் என் இயந்திரத்தில் கோடும் கொம்புமாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித்தான் 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. அதற்கு முந்தின வருடம் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டித் தட்டி இலவசமாகப் போட்டார்கள். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம் பெற்றிருந்தாலும், எல்லாரும் அதற்கு வந்து சேரப் பல வருடம் ஆயிற்று. இப்போது செல்போனில் அமெரிக்காவுக்கு அடித்தாலும் 'பட்டு' பட்டாகவே போகிறது. விலாசங்களும் தமிழுக்கு வந்துவிட்டன. புள்ளிக்குப் பிறகு 'இலங்கை' என்று முடியும் பெயர் 2010இலும், 'இந்தியா' என்றும் 'சிங்கப்பூர்' என்றும் தமிழிலேயே முடியும் பெயர்கள் 2011இலும் உலகப் பதிவேட்டில் ஏறின. ஒரு கடைக்காரர் விரும்பினால் முழு விலாசத்தையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அப்படி எழுதிய பெயர்ப்பலகை ஒன்றும் இதுவரை என் கண்ணில் படவில்லை.